காபோன் ஆளுநரைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம், மழைதான் ஓயவில்லை.

1940இல் பிரெஞ்சுக் குடியேற்றமான சாட்டின் ஆளுநராக இருந்த பெலிக்ஸ் எபூவேயைப் புகழ்ந்து எழுதியிருந்தாய். எனக்கும் அவர் மீது பெருமதிப்பு உண்டு. பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகும் போரைத் தொடரச் சொல்லி லண்டனிலிருந்து அழைத்த தளபதி த கோலின் பக்கம் ஆகஸ்ட் 26 அன்று துணிந்து சேர்ந்தார். ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் சாட்டின் வணிகம் பிரிட்டிஷ் நைஜீரியாவை நம்பியிருந்தது, வடக்கே இத்தாலியரின் லிபியா அச்சுறுத்தியது என்பதையும் சேர்த்துப் பார். அவருடைய மனசாட்சியும் சாட்டின் தேவையும் ஒரே திசையைக் காட்டின. நம் புதுச்சேரி ஆளுநர் போன்வேனும் அப்படித்தான். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா.

என்னைத் தூங்கவிடாதவர் காபோன் ஆளுநர் ஜார்ஜ் மசோன். அவரும் முதலில் த கோலுக்கு ஆதரவு தெரிவித்தார். தலைநகர் லிப்ரவில்லின் வெள்ளைக் குடியேறிகளும் ஆயரும் எதிர்த்தார்கள். செனகலின் டக்காரிலிருந்து விஷியின் கடற்படையும் வந்து நின்றது. சில நாட்களிலேயே பின்வாங்கினார். நவம்பரில் த கோலின் தளபதி லெக்லெரின் படை லிப்ரவில்லைப் பிடித்தது. ஒரே வகையில் கட்டப்பட்ட இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டன. விஷியின் 'பூகன்வில்' அழிந்தது. கைதான மசோன் தூக்கிட்டுக்கொண்டார்.

டக்காரில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைமை ஆளுநர் புவாசோன் விஷிக்காகச் சண்டையிட்டு, 1942 நவம்பரில் நேசநாடுகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய பிறகு பக்கம் மாறினார். அவரை உறுதியானவர் என்றும் மசோனைக் கோழை என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மசோன் இரு பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்ட மனிதர் என்றே நினைக்கிறேன்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இரு அணியிலும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். எந்தப் பக்கம் என்று அவர்களை யார் கேட்டார்கள்? பிரான்சுக்காகப் போரிட்டுச் சிறையிருந்து திரும்பியவர்கள், 1944 டிசம்பர் 1 அன்று டக்காருக்கு அருகே தியாரோயேயில் சம்பள பாக்கியைக் கேட்டதற்காகச் சுடப்பட்டார்கள். இறந்தவர்கள் 35 பேர் என்று அரசு சொன்னது. அதைவிட அதிகம் என்று வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

எபூவே 1944 மே மாதமே கெய்ரோவில் இறந்துவிட்டார். இருந்திருந்தால் இதைக் கண்டித்திருப்பார் என்று நம்புகிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? விரிவாக எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்