கட்டிய வரிக்குக் கணக்கு கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூலகம், அரசு ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே, "ஓசியில் நடப்பது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இரண்டுமே ஓசி இல்லை. நூலகத்துக்கென்று தனி வரியே கட்டுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த வழி இது.

வரி கட்டுகிற வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் கிளை நூலகத்தின் படியேறியிருப்போம்? போகாமலே, "செல்போன் காலத்தில் அங்கே யார் போகிறார்கள்" என்கிறோம். எங்கள் பகுதி நூலகத்தில் காலையிலேயே குரூப் 4, போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இடம் பிடித்துவிடுகிறார்கள். நாற்காலி போதாமல் அலமாரிகளுக்கு நடுவே துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கழிப்பறை கிடையாது. பெண் பிள்ளைகள் மதியத்தோடு கிளம்பிவிடுவது அதனால்தான். இதை யாரும் புகாராக எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. 2011-ல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தபோது, வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தெழுந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அக்கறையில் கொஞ்சம் நம் தெருக்கோடி நூலகத்துக்கும் வேண்டும்.

ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் வருத்தம் தருவது. சமீபத்தில் மருந்து வாங்கும் வரிசையில் ஒரு மூதாட்டி, "ஒரு மாசத்துக்குக் குடுக்குற பிரஷர் மாத்திரையை ஏன்யா பாதி குடுக்குறீங்க?" என்று கேட்டார். உள்ளே இருந்தவர் பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்ற ஒருவர், "கிடைக்கிறதே பெரிசு, வாங்கிட்டு நகருங்கம்மா" என்றார். அவரும் நோயாளிதான். அந்த அம்மா வாங்குகிற சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி போகிறது. மாத்திரை ஏன் குறைந்தது என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கேள்வியை நாமே அடக்கிவிட்டால் அப்புறம் யார் கேட்பது?

"அரசாங்க மாத்திரை கேட்காது" என்ற பேச்சும் இருக்கிறது. அட்டையில் "விற்பனைக்கு அல்ல" என்று இருந்தாலே மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, அதே அம்லோடிபின் பிரஷர் மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு விடுகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வசதி உள்ளவர்கள், எழுதிக் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தனியார் பக்கம் ஒதுங்கிவிட்டால், மிச்சம் இருப்பவர்கள் பயந்து பயந்து நிற்பவர்கள்தான். குறைகள் அப்படியே கிடக்க அது போதும்.

சரி, என்ன செய்யலாம்? வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்கு முழுதாகச் செலுத்தாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது பழைய கதை. மாவட்ட வாரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி உங்கள் இதழில் வெளியிடுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வார்டு கவுன்சிலரிடம் முதலில் கழிப்பறையைக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்