இன்னும் 28 ஆட்டம் இருக்கிறது: ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணிக்குப் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

பாம்பன்,
22 பிப்ரவரி 2025

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நிர்வாகத்துக்கும், பயிற்சியாளர் மிட்ச் ஜான்சன் அவர்களுக்கும், வீரர்கள் எல்லாருக்கும்

வணக்கம்.

நேற்று விடிகாலை ஐஸ் பிளாண்டில் என் ஷிஃப்ட் முடிந்தது. விறைத்த கை இளகட்டும் என்று டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கைபேசியைத் திறந்தால் அந்தச் செய்தி. உங்கள் நட்சத்திர வீரர் விக்டர் வெம்பன்யாமாவின் வலது தோளில் ரத்தம் உறைந்திருக்கிறது, இந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, லோடு ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "என்னப்பா, வீட்டில் யாருக்கும் ஏதாவதா?" என்று கேட்டார். "எங்க டீம் பையனுக்குண்ணே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார்.

எங்கோ அமெரிக்காவில் இருக்கிற உங்கள் அணி எனக்கு எப்படி எங்கள் அணி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலில் வீடு, வள்ளம், உறவு என்று எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பாம்பனுக்கு வந்து பிழைத்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது உங்கள் வீரர் டிம் டங்கனைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவில் பிறந்த நீச்சல்காரப் பையன். 1989இல் ஹ்யூகோ புயல் அந்தத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை அழித்துவிட்டது. கடலில் நீந்திப் பழகலாம் என்றால் சுறாவுக்குப் பயம். அப்புறம்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்திருக்கிறார். ஒரு தீவுப் பையன், ஒரு புயல், அதன்பிறகு ஒரு வாழ்க்கை. அப்பத்தாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "அந்தப் பையன் நல்லா இருப்பான்" என்றார். அதற்குள் டங்கன் உங்களுக்குக் கோப்பைகளை வாங்கித் தர ஆரம்பித்திருந்தார். அன்றைக்குப் பிடித்த உங்கள் அணியின் கறுப்புச் சட்டையை நான் இன்றுவரை விடவில்லை.

இப்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு கூடைப்பந்து வளையம் இருக்கிறது. உப்புக்காற்றில் கம்பி துருவேறி, வருஷத்துக்கு ஒரு தடவை வெல்டிங் வைக்கவேண்டும். கடையில் வாங்குகிற வலை இந்த வெயிலுக்கு ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை என்பதால் என் அப்பாவே நைலான் நூலில் பின்னித் தருகிறார். மீன் வலை பின்னுகிற அதே ஊசி, அதே முடிச்சுதான். வளையத்தில் 12 கொக்கி, அதற்கு 12 கண்ணி. மேலே அகலம், கீழே வரவரக் கண்ணியைச் சுருக்குவார், பந்து ஒரு நொடி நின்று இறங்கவேண்டும் என்று. சாயங்காலத்தில் 15 பிள்ளைகள் வருவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பருவத்தின் நடுவே வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் போகும்போது உங்கள் கணக்கு 23 வெற்றி, 29 தோல்வி. போன வருஷம் முழுப் பருவத்துக்கும் சேர்த்தே 22 வெற்றிதான். ஆக, வளர்ந்திருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லவேண்டும். ஆனால் அந்த 23க்கு உள்ளே நான் பார்த்த ஒரு குறையையும் சொல்லவேண்டும்.

ஜனவரியில் பாரிசில் இந்தியானா அணியோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. 140க்கு 110 என்று ஜெயித்தீர்கள். தன் நாட்டு ஜனங்கள் முன்னால் வெம்பன்யாமா 30 புள்ளி எடுத்தார். ஒரு நாள் இடைவெளிதான், அதே ஊர், அதே எதிரணி: 98க்கு 136 என்று தோற்றீர்கள். 30 புள்ளியில் ஜெயித்தவர்கள் 38 புள்ளியில் தோற்கிறார்கள். எங்கள் கடற்கரையில் இப்படி நடப்பதுண்டு. ஒரு நாள் வள்ளம் நிறையப் பாடு, மறுநாள் வலையில் வெறும் பாசி. ஆனால் மீன் வருவதும் போவதும் கடல் கையில். எதிரணிக்காரன் பந்தோடு ஓடும்போது கூடவே ஓடுவது நம் கையில் இருக்கிற காரியம். அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஓடினவர்கள் குறைவு.

காரணம் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வெம்பன்யாமா வளையத்துக்கு அடியில் நிற்கும்போது எதிரணிக்காரன் உள்ளே வருகிறான், அவரைப் பார்க்கிறான், பந்தோடு அப்படியே வளைந்து வெளியே போய்விடுகிறான். எதிரணி எறிகிற பந்தைத் தட்டித் தடுக்கிற பிளாக் இந்தப் பருவத்தில் அவருக்கு ஆட்டத்துக்குச் சராசரி 3.8, வேறு யாரும் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அவர் பயமுறுத்தித் திருப்பி அனுப்பியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இந்தச் சுகம் முன்னால் நிற்கிற நான்கு பேருக்கும் பழகிவிட்டது. 'பின்னால் அவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்' என்று தன் ஆளை ஒரு அடி முன்னாலேயே விட்டுவிடுகிறார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்த நிமிஷங்களைப் பாருங்கள். அதே ஒரு அடி அப்போதும் விடப்படுகிறது. பின்னால்தான் ஆள் இல்லை.

இதை எங்கள் வளையத்தடியிலேயே கண்ணால் பார்த்தேன். எங்களிடமும் ஒரு நெட்டைப் பையன் உண்டு, பத்தாவது படிக்கிறான். அவன் இருந்தால் மற்ற நான்கு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் அவன் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். தங்கச்சிமடத்திலிருந்து பிள்ளைகள் ஆட வந்தார்கள். முதல் பத்து நிமிஷத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ரணகளம். வந்தவர்கள் நடந்துபோய்க் கூடையில் போட்டார்கள். நான் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, கோச்சாக ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "இன்னைக்கு அவன் வரமாட்டான், காலை அசைங்க." தோற்றார்கள்தான். ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு சின்னப் பெண், ஆறாவது படிப்பவள், தன்னைவிட ஒரு முழம் உயரமான பையனுக்கு முன்னால் போய், இரண்டு காலையும் ஊன்றி, மார்பில் இடி வாங்கி விழுந்தாள். இடித்தவன் மேல் ஃபவுல், பந்து எங்களுக்கு. முட்டி முழுக்கச் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. நெட்டையன் திரும்பி வந்தபிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போது அவன் வேலை பாதியாகிவிட்டது.

மீதியிருக்கிற 28 ஆட்டத்தில் உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

வேறு மாதிரி யோசனை சொல்கிறவர்கள் உங்கள் ரசிகர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். 'டேங்க்' பண்ணுங்கள், தோற்றுக்கொண்டே போங்கள், கடைசி இடங்களுக்குப் போனால், புது வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற லாட்டரியில் நல்ல இளம் வீரன் கிடைப்பான் என்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் சரித்திரமே சாட்சி. 1996-97இல் டேவிட் ராபின்சன் காயத்தில் 6 ஆட்டம் மட்டுமே ஆடினார். 20 வெற்றி, 62 தோல்வி. அந்தக் கோடையில்தான் டங்கன் கிடைத்தார். 2023இல் 22 வெற்றி, 60 தோல்வி. வெம்பன்யாமா கிடைத்தார். எனக்கும் இது தெரியாமல் இல்லை.

ஆனால் டங்கன் வந்து சேர்ந்த வீட்டில் ராபின்சன் இருந்தார், ஷான் எலியட் இருந்தார், ஏவரி ஜான்சன் இருந்தார். எல்லாரும் ஜெயித்துப் பழகியவர்கள். ஒரு வருஷம் அடிபட்டுக் கிடந்த வீடு அது, தோற்கப் பழகிய வீடு இல்லை. உங்களிடம் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். ஸ்டெஃபான் காசிலுக்கு இதுதான் முதல் பருவம். சோஹான், வசெல், சாம்பெனி இவர்களெல்லாம் இந்தச் சட்டையில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். இன்னும் 28 தடவை 'பரவாயில்லை' என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அக்டோபரில் வெம்பன்யாமா திரும்பி வரும்போது அதை எப்படி மறக்கவைப்பீர்கள்? கணக்காகப் பார்த்தாலும், கடைசி மூன்று அணிக்கும் லாட்டரியில் முதலிடம் கிடைக்கச் சம வாய்ப்புதான், ஆளுக்கு நூற்றுக்குப் பதினான்கு. அட்லாண்டா அணி முதல் சுற்றில் புது வீரரை எடுக்கிற உரிமையும் இந்த வருஷம் உங்கள் கையில் இருக்கிறது. தோல்வியை விலைக்கு வாங்கவேண்டிய நிலைமையில் நீங்கள் இல்லை.

மனதில் முள்ளாகக் கிடக்கிற இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் சான் பிரான்சிஸ்கோவில் ஆல் ஸ்டார் திறன் போட்டி. எங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் என் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். வெம்பன்யாமாவும் உங்கள் மூத்த வீரர் கிறிஸ் பாலும் நேரத்தை மிச்சப்படுத்த, விழவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பந்தை வளையத்துப் பக்கம் எறிந்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார்கள். தகுதி நீக்கம் செய்தார்கள். எறிந்தால் போதும், விழவேண்டியதில்லை என்று விதியைப் படித்து அவர்கள் யோசித்திருக்கலாம். என் பக்கத்திலிருந்த பையன் கேட்டான்: "அண்ணே, அவங்க ஏன் போடவே பார்க்கலை?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு உயிர். அதனால்தான் அவ்வளவு வலித்தது. தோற்பதற்காக ஆடுகிற ஆட்டமும் அதே எறிதல்தான். 28 தடவை அப்படி எறியாதீர்கள்.

கிறிஸ் பாலைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது. 39 வயது. இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. எங்கள் பக்கம் பாய்மரப் படகில் மண்டாடி என்று ஒருவர் இருப்பார். பாயை இழுப்பதற்கு இளவட்டங்கள் உண்டு. காற்று எங்கே திரும்பும், எப்போது பாயைத் தளர்த்தவேண்டும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கிறிஸ் பால் செய்வது அந்த வேலை. ஸ்டெஃபான் காசில் தப்பாக ஒரு பாஸ் கொடுத்தால், ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கிற இடைவெளியில் பால் அவர் காதருகே போய்ப் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். இப்போது டியாரன் ஃபாக்ஸும் வந்திருக்கிறார். அட்லாண்டாவில் முதல் ஆட்டத்திலேயே 24 புள்ளி, மற்றவர்கள் கூடையில் போடப் பந்து கொடுத்த 13 அசிஸ்ட், ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். அதற்கடுத்துச் சார்லட்டிலும் ஆர்லாண்டோவிலும் நூலிழையில் தோற்றீர்கள். நூலிழைத் தோல்விகளில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. அவையெல்லாம் ஆடித் தோற்றவை.

ஜான்சன் சார், உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. 1996இலிருந்து தலைமைப் பயிற்சியாளராகச் சுக்கான் பிடித்த பொப்போவிச் அவர்களுக்கு நவம்பரில் பக்கவாதம். நடுக்கடலில் சுக்கான் உங்கள் கைக்கு வந்தது. அதோடு பிப்ரவரி என்றால் உங்கள் அரங்கத்தில் ரோடியோ. மாடும் குதிரையும் உள்ளே, நீங்கள் ஊர் ஊராக வெளியே. மஞ்சுவிரட்டுக்குத் திடலை விட்டுக்கொடுக்கிற மண்ணில் இருக்கும் எங்களுக்கு அது விளங்கும். செய்தி வந்த அன்றைக்கே ஆஸ்டினில் ஃபீனிக்ஸை ஜெயித்தீர்களே, அதை நான் மறக்கமாட்டேன். இன்று காலை டெட்ராய்ட்டிடம் தோற்றதால் அது சிறிதாகிவிடாது.

வெம்பன்யாமா விஷயத்தில் மட்டும் அவசரமே வேண்டாம். மயாமி அணியின் கிறிஸ் பாஷ் இதே மாதிரி ரத்த உறைவால் 31 வயதில் ஆட்டத்தையே விட்டுப்போனதைப் பார்த்தோம். 2022 டிசம்பரில் எங்கள் பழைய பாம்பன் தூக்குப்பாலத்தில் கோளாறு என்று ரயிலை நிறுத்தினார்கள். 1914இலிருந்து ஓடிய ரயில். இரண்டு வருஷத்துக்கு மேலாக மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறுகிறோம். ஊர் முணுமுணுக்கத்தான் செய்தது. ஆனால் புதுப் பாலம் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறது, திறப்புக்குக் காத்திருக்கிறோம். அவருக்காகவும் எங்களால் காத்திருக்க முடியும். கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கில் 42 புள்ளி எடுத்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 18 தடவை (ரீபவுண்ட்) பிடித்தும் மூன்று புள்ளியில் தோற்றுத் தலை குனிந்து நடந்துபோன அந்தப் பையன் முழு உடம்போடு வந்தால் போதும்.

நூறு அடிக்கும் பிளக்காத கல் நூற்றொன்றாவது அடியில் பிளக்கும் என்று, உங்கள் உடைமாற்றும் அறையில் கல் உடைப்பவரைப் பற்றிய வாசகம் பல மொழிகளில் மாட்டியிருப்பதாகப் படித்திருக்கிறேன். நான் தினமும் ஐஸ் பார் உடைக்கிறவன். கம்பியால் குத்தினால் முதலில் வெள்ளைப் புள்ளிதான் விழும். அடுத்த குத்துக்கும் அதுதான். பிறகு உள்ளே ஒரு கோடு ஓடுவது கண்ணுக்குத் தெரியும், 'டக்'கென்று ஒரு சத்தம், பார் இரண்டாகும். எங்கள் மொழியில் இதற்கு ஒரு வாசகம் உண்டு: அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். சுவரில் இடம் இருந்தால் தமிழுக்கும் ஒரு சட்டம் மாட்டுங்கள். கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில். இந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட்தான், முடித்துவிட்டு வந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை வளையத்துக்குப் புது வலை மாட்டுகிறோம். இந்தத் தடவை கறுப்பு நூலில் பின்னச் சொல்லியிருக்கிறேன். அப்பா ஏழாவது கண்ணியில் இருக்கிறார்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து உங்கள் ரசிகன்