குடையை யார் எடுத்தது?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய துப்பறியும் நாவலை இரண்டு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை உன் அம்மாவாக. இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு, இருபது வருடம் புரூஃப் பார்த்தவளாக. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவது மற்றவள், கோபித்துக்கொள்ளாதே.

கொலை செய்தது யார் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. நீ சந்தோஷப்படுவாய், எனக்கோ எரிச்சல்தான் வந்தது. வக்கீலிடம் இன்னொரு சாவி இருந்ததை 240-ஆம் பக்கம் வரை நீ மூச்சே விடவில்லை. உன் துப்பறிபவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதென்றால் நான் எப்படி அவரோடு போட்டி போடுவது? 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர்தான், இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். பாதி விளையாட்டுக்குச் சொன்னவை. ஆனால் துப்பறிபவர் கண்டெடுத்த துப்பை அப்போதே வாசகர் முன்னாலும் வைத்துவிட வேண்டும் என்ற கட்டளையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

சாவியைக் காட்டு. அது முக்கியமானது என்று மட்டும் காட்டாதே. வக்கீல் கைக்குட்டை தேடிப் பையைக் கவிழ்க்கட்டும். சில்லறை, பழைய பஸ் டிக்கெட், இரண்டு சாவி, மாத்திரை அட்டை எல்லாம் மேஜையில் விழட்டும். அதே நொடியில் பக்கத்து அறையில் சண்டை வெடிக்கட்டும். வாசகர் சண்டையைப் பார்க்க ஓடிவிடுவார். சாவி அங்கேயே கிடக்கும்.

எட்டு வயதில் நீ கடிகாரத்தை உடைத்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சில்லுகூட விடாமல் பொறுக்கி ஒளித்துவைத்தாய். ஆனால் அலமாரியைத் துடைத்தும் வைத்திருந்தாய். நம் வீட்டில் அந்த அலமாரியை யாரும் துடைத்ததே கிடையாது! எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உன் கதையில் அந்த மாதிரி ஒரு துப்புகூட இல்லை. ரத்தக்கறை, கிழிந்த கடிதம், அடையாளம் தெரியாத கார் என்று எல்லாமே "நான்தான் துப்பு" என்று கையைத் தூக்குகின்றன.

கதையை முன்னாலிருந்து எழுதிக்கொண்டே போயிருக்கிறாய் போலிருக்கிறது. முதலில் கொலையை நடந்தபடியே ஒரு தாளில் எழுது. எந்த மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்று, கதையில் வராத நேரத்துக்கும் சேர்த்து. நான்காம் அத்தியாயத்தில், இறந்து ஒரு மணி நேரமே ஆன உடல் முழுக்க விறைத்திருக்கிறது. வெயில், குளிரைப் பொறுத்து மாறுமென்றாலும், பொதுவாக விறைப்பு தெரியவே சில மணி நேரம் ஆகும், முதலில் இமையிலும் தாடையிலும். உடல் முழுக்கப் பரவ ஏறத்தாழ 12 மணி நேரம். துப்பறியும் நாவல்களுக்குப் பேர்போன அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவலில் விஷத்தைச் சரியாகக் கையாண்டிருந்ததை மருந்தாளுநர் இதழ் ஒன்று பாராட்டியது. அதே நாவலைப் பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பியும் இருந்தார்கள், 1920-இல்தான் அச்சேறியது. உனக்கு வந்த இரண்டு மறுப்புக் கடிதங்களுக்கு ஆறுதலாக இது போதும்.

அப்புறம், பதிப்பகத்துக்கு அனுப்பும் கதைச்சுருக்கத்தில் கொலைகாரர் பெயரைச் சொல்லிவிடு. "முடிவை நாவலில் காண்க" என்று எழுதியிருக்கிறாயே! சஸ்பென்ஸ் வாசகருக்குத்தான். முடிச்சு சரியாக அவிழ்கிறதா என்று பார்க்காமல் எந்த எடிட்டர் முடிவு செய்வார்?

ஒப்பந்தம் வந்தால் எனக்கு அனுப்பாமல் கையெழுத்துப் போடாதே. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையின் உரிமை முழுவதையும் கானன் டாயில் 25 பவுண்டுக்கு விற்றார். அந்தக் கதைக்கு அதற்குமேல் அவருக்கு ஒரு காசு வரவில்லை. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா என்று எதை எதைக் கொடுக்கிறாய், எத்தனை வருடத்துக்கு என்று தனித்தனியாகப் பார். பதிப்பகத்தார் உன்னிடமே பணம் கேட்டால் அவர்கள் உனக்கு அச்சுவேலை செய்து தருகிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 31-ஆம் பக்கத்தில் டாக்டர் குடையோடு வருகிறார். 38-ஆம் பக்கத்தில் கொட்டும் மழையில் வெறுங்கையோடு இறங்கிப் போகிறார். அது துப்பா, உன் மறதியா? பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். துப்பு என்றால் பதில் சொல்லாதே, அடுத்த பிரதியில் நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

அம்மா