அந்த ஒரு பாடவேளையில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் நடத்திவரும் தாளாளர்களுக்கும் அவற்றின் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணையை நீங்கள் போடுவதற்கு முன் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உங்களில் திருச்சபையார் உண்டு, ஜமாஅத்தார் உண்டு, மடங்களையும் அறக்கட்டளைகளையும் சார்ந்தோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நீதிபோதனை என்றோ நன்னெறி என்றோ ஒரு பாடவேளை உங்கள் அட்டவணையில் இன்னும் இருக்கிறது. அது நடக்கும் விதம் உங்களுக்கும் தெரியும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். நிருவாகத்தின் சமயத்தைச் சேர்ந்த பிள்ளைகள் வேறோர் அறைக்குப் போவார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்து ஆத்திசூடியை ஒப்பிப்பார்கள், அல்லது வீட்டுப்பாடத்தை முடிப்பார்கள். பத்தாம் வகுப்பென்றால் அதுவும் இல்லை. "போர்ஷன் முடியவில்லை, இந்தப் பீரியடை எனக்குக் கொடுங்கள்" என்று கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். நானும் பலமுறை கொடுத்திருக்கிறேன். (வாங்கியும் இருக்கிறேன், வரலாற்றுக்கும் போர்ஷன் உண்டு.)

என் வேண்டுகோள் இதுதான். அந்த ஒரு பாடவேளையில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும், சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்து, தங்கள் ஊரில் வாழ்பவர்கள் எதை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது அவர்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரிடம் பாடமாகவே படிக்கட்டும். வழிபாடும் திருச்சபையின் மறைக்கல்வியும் இஸ்லாமிய மார்க்கக் கல்வியான தீனியாத்தும் அவற்றுக்குரிய நேரத்தில் தனியே நடக்கட்டும். அவற்றைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கும் என்று சிலர் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்றும், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோரின் இசைவில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்றும் அரசமைப்பின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தடை போதனைக்குத்தான். சமயங்களைப் பற்றிப் படிப்பதை அது தடுக்கவில்லை என்பதை 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்கு வெகு முன்பே கோத்தாரி கல்விக்குழுவும் (1964–66) இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தது. இங்கே வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்த இராதாகிருஷ்ணன் 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர்களின் வாழ்க்கையையும் அடுத்த ஆண்டில் பல சமய நூல்களிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகளையும் கற்பிக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது.

சட்டத்தை விட்டு வல்லிமலைக்கு வருகிறேன். காட்பாடி வட்டத்தில் உள்ள அந்த மலையை வள்ளி பிறந்த இடமாகவும் முருகன் அவளை மணந்த இடமாகவும் நம் மக்கள் போற்றுகிறார்கள். அதே மலையின் பாறைகளில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. கங்க மன்னன் இராசமல்லன் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். சிற்பத்தைக் கண்டதும் பையன்கள் "புத்தர், புத்தர்" என்று கத்தினார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி, மூன்றாண்டுகளாக வகுப்பில் வாய் திறந்து நான் அதிகம் கேட்டிராதவள், "அது புத்தர் இல்லைங்க ஐயா, எங்க அருகர். தலைக்கு மேல முக்குடை இருக்குது பாருங்க" என்றாள். ஆரணிப் பக்கத்து நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பத்துப் பிள்ளை அவள். சுற்றுலா போன இரவுகளில் எல்லாம் அவள் சாப்பிட மாட்டேன் என்று ஒதுங்கியதையும், மற்ற பிள்ளைகள் அவளைப் 'பிகு பண்ணுகிறவள்' என்று கேலி செய்ததையும் அப்போதுதான் நான் சேர்த்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை அவர்கள் நோன்பு. சமண சமயம் எங்கள் பாடநூலில் இருந்தது. ஐம்பெரும் நோன்புகளை நானே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு சமணப் பெண் உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வேலூர்க் கோட்டைக்குப் போனாலும் இதே கதைதான். 1806 ஜூலை 10 அன்று நடந்த புரட்சிக்குக் காரணம் கேட்டால், 'புதிய தலைப்பாகை, தோல் இலச்சினை' என்று எழுதி நம் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நெற்றிக்குறி இடாதே, காதணி அணியாதே, தாடியை மழி என்று ஓர் ஆணை வந்தால் இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஏன் ஒருசேர நெஞ்சு கொதித்தது என்பதை, நெற்றிக்குறியும் தாடியும் அவர்களுக்கு என்ன பொருள் தந்தன என்று சொல்லாமல் எந்த ஆசிரியரால் விளக்க முடியும்?

அப்படி விளக்க முற்படும் ஆசிரியருக்கு என்ன நேரும் என்பதையும் சொல்கிறேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொன்ன மறுநாள், வேறு மதத்தைப் பிள்ளைக்குப் போதிக்கிறார்கள் என்று ஒரு பெற்றோர் புகார் கொண்டுவந்தார். தலைமையாசிரியர் என்னை அழைத்தார், கோபப்படவில்லை. "எதற்கு சார் வம்பு, விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பாடவேளையில் கையெழுத்துப் பயிற்சி நடந்தது. அன்று பள்ளிக்கென எழுதிவைத்த ஒரு பாடத்திட்டம் இருந்து, அதில் தாளாளரின் கையெழுத்தும் இருந்திருந்தால், தலைமையாசிரியர் அதை எடுத்து அந்தப் பெற்றோர் முன் வைத்திருப்பார், நானும் தொடர்ந்திருப்பேன். நல்ல சமயப் பாடத்துக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய ஆதரவு, புகார் வரும் நாளில் ஆசிரியரின் பக்கத்தில் நிற்பதுதான்.

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் இடம் தந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், பல சமயத்தாரும் ஆசிரியர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அமரும் ஆலோசனைக் குழு ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும் என்றது. அவர்கள் சட்டத்தைப் பிடுங்கி வந்து இங்கே நட வேண்டியதில்லை. ஆனால் ஊரார் கூடி உட்கார்ந்து தம் ஊர்ப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டத்தைப் பேசும் வழக்கம் நமக்கும் பொருந்தும். வேலூரில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்? அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியின் ஆலிம்கள், திருச்சபை ஆயர்கள், ஓதுவார்கள், நயினார் பெரியவர்கள், பகுத்தறிவாளர்கள் எல்லோரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். அவர்களைப் பிள்ளைகளிடம் நேரே அனுப்ப வேண்டாம். மே மாதத்தில் இரண்டு நாள் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சாப்பாடும் டீயும் தவிரப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அந்த ஆசிரியர் முதலில் பழக வேண்டியது ஒரு வினைமுற்று. 'இப்படித்தான்' என்று சொல்லாமல் 'என்று நம்புகிறார்கள்' என்று சொல்லப் பழக வேண்டும். 'என்மனார் புலவர்' (என்று சொல்வர் புலவர்) என்று முடித்த இலக்கண மரபு நம்முடையது. தன் கூற்றையும் பிறர் கூற்றையும் பிரித்துச் சொல்வது தமிழாசிரியர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அடக்கம் என்ற பெயரில் இனிப்பை மட்டும் பரிமாறிவிடக் கூடாது. குடியாத்தம் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்தைச் சொல்லும் பாடத்தில், யார் யார் எந்தெந்தக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், 1947-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது, ஏன் சிலர் மதம் மாறினார்கள், ஏன் சிலர் மதமே வேண்டாம் என்றார்கள் என்பவையும் வர வேண்டும். இவற்றை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் தாங்க முடியும். தெருவில் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

தேர்வும் மதிப்பெண்ணும் இதற்கு வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நண்பர்களும் உண்டு. பாடவேளை மட்டும் கணக்கு ஆசிரியருக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

ஜூன் மாதத்துக்குள் உங்களில் நான்கைந்து பள்ளிகளாவது முன்வந்தால், நான் எழுதிவைத்த பாடக்குறிப்புகளைத் தருகிறேன். வல்லிமலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளில் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். படியேற இன்னும் முடிகிறது. மாலைச் சாப்பாட்டை மட்டும் பொழுது சாய்வதற்குள் எல்லோருக்குமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்,
காட்பாடி.