அப்பாரு, நான் துப்பாக்கி பழகுகிறேன்

அன்புள்ள அப்பாருக்கு,

இங்கே அமெரிக்காவில் மூன்று பேரும் நலம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அப்பத்தா மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான். போன வாரம் அவன் ஏதோ போட்டோவைக் காட்டி "அண்ணன் துப்பாக்கி தூக்கிட்டான்" என்று சொல்லப்போய் அப்பத்தா ராத்திரி சாப்பிடவே இல்லையாம். நான் இன்னும் எதையும் வாங்கவில்லை. சுடப் பழகுகிறேன், அவ்வளவுதான்.

ஆரம்பித்தது ஒரு பிறந்தநாள் வீட்டில். பாப்பாவோடு படிக்கிற பிள்ளையின் வீடு. தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன், மேடைமேல் சாஸ் பாட்டிலுக்கும் கார் சாவிக்கும் நடுவில் ஒரு பிஸ்டல் கிடக்கிறது. பாப்பா எக்கினால் எட்டிவிடும். அந்த வீட்டுக்காரர் "அட, அதுல தோட்டா இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே எடுத்து உள்ளே வைத்தார். அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று பார்க்கக்கூட எனக்குத் தெரியாது, அதுதான் உறுத்தியது. நீங்கள் துப்பாக்கி வைத்திருந்த வீட்டில் வளர்ந்த பேரன், குழலைத் திறந்து பார்க்கத் தெரியாமல் நிற்கிறேன்.

இதற்கு முன்னாடி ஏன் பழகவில்லை என்று கேட்பீர்கள். வேலை விசாவில் இருக்கிறவன் இங்கே துப்பாக்கியைத் தொடக்கூடாது, மத்திய சட்டம் அப்படி. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு உண்டு, அதெல்லாம் நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இங்கேயே நிரந்தரமாகத் தங்க விடுகிற பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்தபிறகுதான் வழி திறந்தது. திறந்தது என்றால் சும்மா இல்லை, ஆவென்று திறந்தது. கடையில் ஒரு படிவத்தை நிரப்பினால் எஃப்பிஐ கணினியில் நம் பெயரைப் போட்டுப் பார்ப்பார்கள், தடை இல்லையென்றால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். அதுவும் இந்த டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது முடிந்த, சட்டத்தில் வில்லங்கம் இல்லாத ஆள் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கலாம். உங்கள் ஒத்தைக்குழலுக்கு நீங்கள் தாலுகா ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. எலெக்சன் வந்தால் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவீர்கள், அந்த ஒரு மாசம் காட்டுப்பன்னிக்குத்தான் கொண்டாட்டம், குச்சிக்கிழங்கு ஒரு வரிசை மிஞ்சாது.

லைசென்ஸ் என்று ஒன்று இங்கேயும் இருக்கிறது, விருப்பப்பட்டால் எடுக்கலாம். வகுப்பு, அப்புறம் 50 குண்டு சுட்டுக் காட்டும் பரீட்சை, 3, 7, 15 கஜத்தில். 3 கஜம் என்றால் நம் திண்ணையிலிருந்து வாசல்படி. சிரிக்காதீர்கள், முதல்முறை அந்தத் தூரத்திலேயே எனக்குத் தவறியது.

அது நான் செய்த முட்டாள்தனம். வகுப்புக்குப் போகாமல் ஆபீஸ் நண்பர் ஒருவரோடு போனேன். நல்ல மனுசன், ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. எடுத்த எடுப்பில் .357 மேக்னம் ரிவால்வரைக் கையில் கொடுத்து "சுடு" என்றார். சுட்டதும் அது நெற்றிக்கு நேராக எகிறி வந்தது, காதுக்கு மூடி போட்டும் நெஞ்சுக்குள் இடித்தது. அவருக்கு வேடிக்கை. எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் இரண்டு மாசம் விடவில்லை. புதுசாகப் பழகுகிறவனுக்குப் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துச் சிரிப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிடுகிற நம்மூர் மாமன்கள் வேலைதான்.

அப்புறம் சுடப் பழகுகிற இடமான ரேஞ்சு ஒன்றுக்குத் தனியாகப் போனேன். அங்கே வாடகைக்குத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் ஒண்டியாக வருகிற புது ஆளுக்குப் பல இடங்களில் தருவதில்லை, கூட ஒருவர் வேண்டும் அல்லது வகுப்பில் சேர வேண்டும். ஏன் என்று கேட்டேன். தன்னையே சுட்டுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு என்று மெதுவாகச் சொன்னார் கவுண்டரில் இருந்தவர். அதற்குமேல் நான் பேசவில்லை, அங்கேயே வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாஸ்டர் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். முதல் ஒன்றரை மணி நேரம் தோட்டாவைக் கண்ணில் காட்டவில்லை. எந்தத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே நினை, அழிக்க மனசில்லாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். "நாய்மேலகூடக் குழலைத் திருப்பாதடா" என்று நீங்கள் கத்தியது, எப்போதும் கரட்டுக்கு நேராகவே தகர டப்பாவை வைத்தது, எல்லாம் இதுதானே! பன்னியை விரட்ட நீங்கள் வானத்தைப் பார்த்துச் சுடுவதை மட்டும் அவரிடம் சொன்னேன். மேலே போனது எங்கே விழும் என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

பிறகு சின்னத் தோட்டா போடுகிற .22 பிஸ்டலில் ஆரம்பித்தோம். உதைப்பே தெரியாது, தோட்டாவும் மலிவு. நான்காவது வகுப்பில்தான் அதைவிடப் பெரிய 9 எம்எம் பிஸ்டல். அதில் என் குண்டெல்லாம் கீழே இடதுபக்கமாகவே போய் விழுந்தது. துப்பாக்கிதான் கோணல் என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தோட்டா அடைக்கிற மேகசினை வாங்கித் திரும்பி நின்று நிரப்பிக் கொடுத்தார். இரண்டு சுட்டேன். மூன்றாவது "க்ளிக்". வெடிக்கவில்லை. ஆனால் குழல் இரண்டு விரற்கடை கீழே குத்தி நின்றது, நானே பார்த்தேன். நடுவில் டம்மி தோட்டா போட்டிருக்கிறார்! வெடிக்கப்போகிறதே என்று என் கை முன்கூட்டியே அழுத்துகிறது, டாக்டர் ஊசியை எடுக்கும்போதே துள்ளுகிற கன்னுக்குட்டி மாதிரி. மானம் போயிற்று.

அதற்கு மருந்து வீட்டில்தான் என்றார். பயிற்சிக்கென்றே செய்த, சுடமுடியாத பிஸ்டல் ஒன்று வாங்கினேன். பாப்பா தூங்கியபிறகு அதன் முன்நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக்கொண்டு, காசு விழாமல் விசையை அழுத்துகிறேன், தினம் பத்து நிமிஷம். செலவும் இல்லை. ரேஞ்சில் 50 தோட்டாப் பெட்டி 15 டாலர் பக்கம், அரை மணியில் காலி.

சின்னச் சின்ன விஷயம் நிறைய இருக்கிறது. கழுத்து இறங்கிய பனியன் போட்டுப் போகக்கூடாது, வெடித்த தோட்டாக்கூடு சுடச்சுட உள்ளே விழும், நான் ஆடிய ஆட்டத்தில் "குழல் முன்னாடி!" என்று அந்த அம்மா போட்ட சத்தம் ரேஞ்சு முழுக்கக் கேட்டது. முடித்ததும் பச்சைத்தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயத்தூள். அந்தச் சட்டையோடு பாப்பாவைத் தூக்குவதும் இல்லை.

வாங்குவதா என்று இன்னும் முடிவில்லை. வாங்கினால் இரும்புப்பெட்டி முதலில், துப்பாக்கி அப்புறம் என்று உங்கள் பேரன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

முக்கியமான சேதியை விட்டுவிட்டேன். எனக்கு வலது கை, ஆனால் குறி பார்ப்பது இடது கண்ணாம். பிஸ்டலுக்கு அது பெரிய தொல்லை இல்லை, இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும், தோளில் வைக்கிற நீளத் துப்பாக்கிக்குத்தான் சிரமம் என்றார். உடனே உங்கள் ஞாபகம். சோறு தின்பதும் மம்முட்டி பிடிப்பதும் வலது கை, துப்பாக்கி மட்டும் இடது தோள். ஊரே கிண்டல் பண்ணியதே.

ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு கையையும் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவில் சின்னச் சந்து வைத்து, களத்திலிருந்து மோட்டார் ரூம் பல்பை அதன் வழியாகப் பாருங்கள். கையை அசைக்காமல் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணில் பல்பு மறையாமல் நிற்கிறது என்று தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். புரை எடுத்தது வலதா இடதா, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், எனக்கு மறந்துவிட்டது.

உங்கள் பேரன்