லேபிளில் ஐந்தாவது பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த, லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பற்றிய கட்டுரையில், ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (கரை உடையும்போது) பாடலை அக்குழுவினர் 1971-இல் ‘தாங்களே புனைந்து’ ராக் இசைக்கு வழங்கினார்கள் என்று ஒரு வரி வருகிறது. கட்டுரையாளரின் நடை அருமை என்பதால் மேலும் பலர் அதை நம்பிவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

அந்தப் பாடல் 1929-இல் அமெரிக்கக் கறுப்பினப் புளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற்றிய வெள்ளத்தைப் பற்றியது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிய ஆராய்ச்சியும் தேவையில்லை. நான் 1983-இல் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளுக்கு நடுவே தேடியெடுத்த அக்குழுவின் எல்.பி. இசைத்தட்டின் லேபிளிலேயே, குழுவின் நால்வர் பெயருக்கும் பின்னால் ஐந்தாவதாக மெம்ஃபிஸ் மின்னியின் பெயர் அச்சாகியிருக்கிறது. எழுத்து பொடிதான், ஆனால் மூக்குக்கண்ணாடி இல்லாத அந்த வயதில் எனக்குத் தெரிந்தது.

நான் அக்குழுவுக்கு எதிரி அல்லன். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில், மாடிப்படியின் அடியில் ஜான் பான்ஹமை டிரம்ஸுடன் உட்காரவைத்து, மேலேயிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த அந்த முழக்கத்துக்காகவே நாற்பது ஆண்டுகளாக அத்தட்டைத் தேய்த்துவருகிறேன். என் வீட்டாரும் மாடிவீட்டாரும் இதற்குச் சாட்சி. அந்த முழக்கம் முழுக்க முழுக்க அவர்களுடையது. பாட்டு அப்படியல்ல.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். எல்விஸ் பிரெஸ்லி பற்றித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களில் ‘ஹவுண்ட் டாக்’ பாடலுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1953-இல் கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் குரலில் வெளிவந்து, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த பாடல் அது என்பதைச் சொல்ல மட்டும் அந்தப் பத்தியில் இடம் போதவில்லை போலும். எல்விஸ் அதைப் பாடியது 1956-இல். பிறகு, ராக் கிட்டாருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பற்றி நான் எழுதியனுப்பிய மூன்று பக்கக் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி வெளிவந்தது. அந்த இரண்டு வரியிலும் அவர் ‘ரோஜெட்டா தர்பார்’ ஆகியிருந்தார்.

இசைக்குக் கடன்பட்டவர்களே கடனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் பெயரையே புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாடலிலிருந்து எடுத்தவர்கள். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது இன்னொரு புளூஸ் பாடகரான ஹவ்லின் உல்ஃபையும் மேடையேற்றி, அவர் பாடியதை அவர் காலடியில் அமர்ந்து கேட்டவர்கள். லெட் செப்பலினோ, ‘ஹோல் லாட்டா லவ்’ தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்த பிறகுதான் சமரசத்துக்கு வந்தது. இன்று அப்பாடலில் அவர் பெயரும் உண்டு. வழக்காடிப் பெற்ற அந்த ஒப்புதலைக்கூட, தங்கள் கட்டுரையாளர் ‘சில சில்லறைச் சர்ச்சைகள்’ என்று கடந்துபோகிறார். சர்ச்சை அவருக்குச் சில்லறை. டிக்சனுக்கு அது பிழைப்பு.

மறுகட்டுரையோ மன்னிப்போ நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ‘திருத்தம்’ பகுதியில், ராசிபலனுக்குக் கீழே வழக்கமாக மிஞ்சும் இடத்தில், அப்பாடல் 1929-இல் பதிவானது என்பதையும் அந்த இருவரின் பெயரையும் வெளியிட்டால் போதும். அச்சுக்கோப்பவருக்கு உதவியாகத் தனித்தனியே எழுதித் தருகிறேன்: மெம்ஃபிஸ் மின்னி. கான்சஸ் ஜோ மெக்காய்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் சந்தாதாரர்,
சென்னை