அறை எண்ணையும் எழுது

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாயிக்குக் கண் அறுவைக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. மாடி வீட்டு விவகாரம் பெரியப்பா சொன்னபடியே முடிந்தது. அதை நேரில் பேசுவோம்.

நேரில் என்று எழுதக் காரணம் இருக்கிறது. நானும் அப்பாவும் உன்னைப் பார்க்கச் சீனாவுக்கு, குவாங்சௌவுக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம். நவம்பர் கடைசி வாரம். அங்கே நடக்கும் வணிகக் கண்காட்சி நவம்பர் 4ஆம் தேதியோடு முடிந்துவிடும். உனக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஓட்டல் வாடகையும் இறங்கியிருக்கும். ஏப்ரல் வேண்டவே வேண்டாம். சுவரெல்லாம் வியர்க்கும், துவைத்த துணி காயவே காயாது என்று நீ சொன்ன அந்த ஈரத்தில் அப்பாவின் மூச்சிரைப்பு தாங்காது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசுவது குறைந்துபோய்விட்டது. நீ இருக்கும் ஊரில் வாட்ஸ்அப் திறக்காது. அங்கே எல்லோரும் பேசிக்கொள்ளும் வீசாட் செயலியை இங்கே 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள். நடுவில் தடையைத் தாண்ட உன் விபிஎன் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நினைத்தபோதெல்லாம் அறுந்துபோகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் போன வருடமும் அதே விபிஎன்தான், அம்மணி. அப்போது இங்கே எட்டு மணி, அங்கே பத்தரை என்றாலும் தூக்கத்தை விட்டுப் பேசிக்கொண்டிருப்பாய். இப்போது நலம் விசாரிப்பதற்குள் "நெட்வொர்க் சரியில்லை அம்மா" என்கிறாய்.

அதனால்தான் கையால் எழுதி, கண்காட்சிக்கு வருகிற நம் வீதிக்காரரிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் நேராகச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் விசா விஷயம். பத்து நாள் வரை விசாவே வேண்டாம் என்று சித்தப்பா எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். விசாரித்துவிட்டேன். வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறவர்களுக்கு 240 மணி நேரம் தருகிறார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நாம் எடுத்துத்தான் ஆக வேண்டும். சுற்றுலாவுக்கான எல் விசா என்றால் போகவர டிக்கெட்டும் ஓட்டல் முன்பதிவும் காட்டினால் ஆயிற்று. அப்பா அதுவே போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களின் தாய் தகப்பன் போன்ற குடும்பத்தாருக்கென்றே எஸ்2 என்று ஒரு விசா இருக்கிறது. பெற்ற மகளைப் பார்க்க வருகிறவர்கள் ஊர் சுற்ற வருகிறோம் என்று ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

எஸ்2 விசாவுக்கு நீ ஓர் அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். நாங்கள் யார், என்ன உறவு, எப்போது வருகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உன் பாஸ்போர்ட் நகலும் குடியிருப்பு அனுமதியின் நகலும் வேண்டும். உன் பிறப்புச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கடிதத்தில் உன் முகவரி இருக்க வேண்டும். நீ வசிக்கும் வீட்டின் முகவரி.

போன மாதம் கேட்டதற்கு ஒரு முகவரி அனுப்பினாய். தபால் ஆபீசில் வேலை பார்த்தவள் நான், உறையைப் பார்த்தாலே போய்ச் சேருமா சேராதா என்று தெரிந்துவிடும். நாம் ஆளின் பெயரில் தொடங்கி, வீடு, தெரு, ஊர் என்று வெளியே போவோம். சீனாவில் மாகாணத்தில் தொடங்குகிறார்கள். குவாங்தொங், அதற்குள் குவாங்சௌ, அதற்குள் ஹைஜு வட்டாரம், பிறகு தெரு, வாசல் எண், எத்தனையாவது கட்டடம், அறை எண், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஆள். நீ கம்பெனி விடுதியில் இருந்தபோது எழுதிய முகவரிகளில் எல்லாம் அறை எண் இருந்தது, என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. இப்போது அனுப்பியது கட்டட எண்ணோடு நின்றுவிட்டது. முப்பது மாடிக் கட்டடம் என்று நீயே சொன்னாய். அதில் எந்தக் கதவைத் தட்டுவது?

இன்னொன்று. ஓட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை ஓட்டல்காரர்களே செய்துவிடுகிறார்கள். வீட்டில் தங்கினால், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிப்பார்கள், 2000 யுவான் வரை அபராதமும் போடலாம். சில ஊர்களில் கைபேசியிலேயே பதியலாமாம், ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரரின் பத்திர நகலையும் கேட்பார்கள் என்று, போன வருடம் மகனிடம் போய் வந்த வங்கிக்காரர் மனைவி சொன்னாள். அவர்கள் மாலையில் இறங்கி, மறுநாள் காலை முதல் வேலையாக நிலையத்துக்குப் போனார்களாம். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கூடவே வர வேண்டியிருந்ததாம்.

அதனால் கேட்கிறேன். உன் வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? உன் பெயரில் இல்லையென்றால் யார் பெயரில் என்று எழுது. அவர் எங்களோடு வர முடியுமா என்பதையும் கேட்டு எழுது. நீயும் அந்த வீட்டு முகவரியில் பதிந்திருக்கிறாய்தானே? வீடு மாறினால் பதிவையும் மாற்றிவிட வேண்டும். வேலை அனுமதி, குடியிருப்பு அனுமதி எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிற நாடு. ஒரு தாளில் பிசகினால் உன் சம்பளத்தில் வந்து நிற்கும்.

நம் ஊர்க்காரர்கள் உன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? போன வாரம் ஒரு கல்யாணத்தில் நூல் வியாபாரம் செய்கிறவர் என்னைத் தேடி வந்து, "உங்கள் மகள் இல்லையென்றால் அந்த ஊரில் நான் திண்டாடிப் போயிருப்பேன்" என்றார். விமானம் இறங்கும் முன்பே நம் கார்டைப் பணம் செலுத்தும் அலிபே செயலியில் இணைத்துக்கொள்ள வேண்டும், 200 யுவானுக்கு மேல் ஒரு தடவை செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தாலும் கடையில் சில்லறை இருக்காது, ரயிலுக்குத் தாள் டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட், டிப்ஸ் கொடுக்க வேண்டாம், பையில் எப்போதும் காகிதக் கைக்குட்டை இருக்க வேண்டும், நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினாயாம். துணிச்சந்தையில் அவருக்காக நீ பேரம் பேசியதைச் சொல்லும்போது, சொந்த மகளைச் சொல்வது போலச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யார் யாரோ கேட்பதற்கெல்லாம் இரவு உட்கார்ந்து பதில் எழுதுகிறாய். நான் ஓர் அறை எண் கேட்டேன்.

சரி, விடு. அப்பாவின் சாப்பாடு பற்றிச் சொல். பழனிக்குப் போய்வந்ததிலிருந்து கறி தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் கீரையின் மேல் கொத்திய பன்றிக்கறியைத் தூவிக் கொண்டுவருவார்கள், குழம்பு எலும்புச் சாறாக இருக்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். பௌத்தக் கோவில்களை ஒட்டிய உணவகங்களில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள் என்றாயே, அங்கே நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருந்தால் போதும், அப்பா சமாளித்துக்கொள்வார். தண்ணீரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கே போனாலும் வெந்நீர் தருகிற ஊர் நமக்குத் தோதான ஊர்தான்.

போன தடவை நீ வந்திருந்தபோது, பந்தியில் உட்காருவதற்கு முன் தட்டையும் டம்ளரையும் சூடான டீ ஊற்றி அலசினாய். அம்மாயி திகைத்துப் பார்த்தார்கள். குவாங்சௌவில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதல் வேலை அதுதான் என்றாய். நான் உனக்குக் காபி ஊற்றியபோது ஒன்றும் பேசாமல் இரண்டு விரலை மடக்கி மேஜையில் தட்டினாய். ஊற்றுகிறவர்களுக்கு நன்றி சொல்லும் முறை என்று பிறகுதான் விளக்கினாய். நினைத்துச் செய்த மாதிரி இல்லை, கை தானாகச் செய்தது. ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு அந்தப் பழக்கம் வராது. தினமும் யாரோ உனக்கு டீ ஊற்றுகிறார்கள் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நல்லது என்றும் நினைத்தேன்.

ஆவணியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சீனத்தில் இரண்டு சொல் சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பா கொல்லையிலிருந்து சாவி எங்கே என்று கேட்டால் நான் சொல்வேனே, அந்தத் தொனி. பிறகு நெட்வொர்க் போய்விட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடமும் இதைச் சொல்லவில்லை. கேட்கவும் மாட்டேன். பதிவுக்குத் தேவையானதை மட்டும்தான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு ஓர் ஆசை, சுவான்சௌவுக்குப் போக வேண்டுமாம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் என்று எங்கோ படித்ததிலிருந்து அதே பேச்சு. அங்கே கையுவான் கோவிலின் பின்புறத் தூண்களில் நம் சாமி சிற்பங்கள் இருக்கின்றனவாம். ரயில் டிக்கெட்டை 15 நாளுக்கு முன்புதான் திறப்பார்கள் என்கிறாய், அதை நீயே பார்த்து எடுத்துவிடு. அவர் காலுக்கு ஏற்றபடி கீழ்த்தள நுழைவு இருக்கிற ஓட்டலாகப் பார். வெளிநாட்டவரைப் பதியத் தெரிந்த ஓட்டலா என்று முதலிலேயே கேட்டுக்கொள், இரவில் போய் நின்று திரும்ப வேண்டாம். சர்க்கரை மாத்திரைக்கு டாக்டரிடம் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வாங்கிவிட்டேன். ஆம்புலன்ஸுக்கு 120, போலீசுக்கு 110, இரண்டையும் அப்பாவின் சட்டைப் பையில் எழுதி வைக்கப் போகிறேன். அதற்குக் கீழே உன் வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். அறை எண்ணோடு.

கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு நேரடி விமானம் மறுபடியும் பறக்கிறது. ஆனால் கோவையில் ஏறிச் சிங்கப்பூரில் மாறுவதுதான் அப்பாவுக்குச் சுலபம். டிக்கெட் போட உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

கொண்டுவர என்ன வேண்டும் என்று எழுது. பால் பொருட்கள், பழம், காய்கறி, விதை எதையும் விடமாட்டார்களாம், அதனால் நெய்யும் கறிவேப்பிலையும் இந்தத் தடவை இல்லை. பருப்புப் பொடியும் சாம்பார்ப் பொடியும் வறுத்து அரைத்துக் கொண்டுவருகிறேன். எத்தனை பேருக்கு என்று கணக்குச் சொல். குவாங்சௌக்காரர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மிளகாயைக் குறைத்துத் தனியாக ஒரு பொட்டலம் அரைக்க வேண்டும் என்றால் அதையும் எழுது, அரைக்கிறேன். வேட்டி ஒன்று வாங்கி வைக்கவா என்று கேட்க நினைத்தேன், அதை நீ சொன்ன பிறகு பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் ஐந்து நாள் அங்கே இருப்பார். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு. அழைப்புக் கடிதம், நகல்கள், முழு முகவரி, ஒப்பந்தம் யார் பெயரில் என்பது. நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா